சூப்பர் ஹீரோ படங்களில் ஸ்டுடியோ தலையீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சூப்பர் ஹீரோ படம் சொதப்பினால் தியேட்டர் வாசலிலேயே தீர்ப்பு வந்துவிடும்: "ஸ்டுடியோ கெடுத்துடுச்சு." உடனே நாலு கேள்வியும் வரும். நண்பர்கள், அலுவலகத்துத் தம்பிகள், அக்கா பையன் என்று பல வருஷமாக ஒரே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ஸ்டுடியோ தலையீடுன்னு எதைச் சொல்றீங்க? பணம் போட்டவன் ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

பேசலாம், பேசத்தான் செய்வார்கள். ஹாலிவுட்டில் அதற்கு 'நோட்ஸ்' என்று பெயர். திரைக்கதையைப் படித்துவிட்டு, முதல் எடிட்டைப் பார்த்துவிட்டு, ஸ்டுடியோ ஆட்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்புவார்கள். இரண்டாம் பாதி இழுக்கிறது, வில்லனுக்கு என்னதான் வேண்டும் என்று புரியவில்லை, இந்த மாதிரி. நோட்ஸ் வராத பெரிய படமே கிடையாது.

இயக்குநர் ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்டுடியோ வேறொரு படத்தைக் கேட்க ஆரம்பித்தால் அதைத்தான் தலையீடு என்கிறேன். இந்தக் கதைகளை எல்லாம் படிக்கும்போது ஸ்டுடியோ என்ன சொன்னது என்பதைவிட எப்போது சொன்னது என்று பாருங்கள். கடைக்கால் தோண்டும்போது சமையலறையை இந்தப் பக்கம் மாற்று என்றால் மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு மாற்றிவிடுவார். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்த பிறகு சொன்னால் சுவரை இடித்துத்தான் ஆக வேண்டும்.

எக்ஸிகியூட்டிவ்னா நம்ம ஊர் தயாரிப்பாளர் மாதிரிதானே?

இல்லை. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் வட்டிக்கு வாங்கியாவது தன் பணத்தை இறக்கியவர். வார்னரிலோ சோனியிலோ உட்கார்ந்திருக்கும் எக்ஸிகியூட்டிவ் சம்பளக்காரர். பணம் கம்பெனியுடையது. படம் ஓடினால் அவர் நாற்காலி தங்கும், ஓடாவிட்டால் அடுத்த ஆள் வருவார். அதனால் அவர் முடிவுகளில் பேராசையைவிடப் பயம்தான் அதிகம் தெரியும். போன படம் எதனால் திட்டு வாங்கியதோ அதற்கு நேர் எதிராக அடுத்த படத்தைத் திருப்பச் சொல்வார், அடுத்த படம் பாதி எடுத்து முடிந்திருந்தாலும்.

இயக்குநர்தானே கப்பலுக்குக் கேப்டன்? முடியாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?

கடைசி எடிட் யார் கையில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அதைத்தான் 'ஃபைனல் கட்' என்கிறார்கள். 20 கோடி, 30 கோடி டாலர் போடும் சூப்பர் ஹீரோ படத்தில் அந்த உரிமையை ஸ்டுடியோ லேசில் விட்டுக்கொடுக்காது. அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தின் ஒப்பந்தப்படி இயக்குநருக்கு எடிட்டிங்கில் குறைந்தது 10 வாரம் உண்டு. அந்த நேரத்தில் அவர் தன் விருப்பப்படி ஒரு வடிவத்தைச் செய்து காட்டலாம். அதற்கப்புறம் ஸ்டுடியோ அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

விலகிப் போனவர்களும் உண்டு. இயக்குநர் எட்கர் ரைட் 2006 முதல் மார்வெலின் 'ஆன்ட்-மேன்' படத்தோடு இருந்தார். தன் கை படாமல் திரைக்கதை திருத்தப்பட்டதும், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே, 2014 மே மாதம் வெளியேறினார். எட்டு வருஷ உழைப்பு. பெய்டன் ரீட் உள்ளே வந்தார், படம் 2015இல் வெளியாகி 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. முடியாது என்று சொல்பவருக்குப் பதில் இன்னொருவர் தயாராக இருப்பார் என்பது எல்லா இயக்குநருக்கும் தெரியும்.

ரீஷூட்னு செய்தி வந்தாலே படம் ஊத்திக்கிச்சுன்னு அர்த்தமா?

இல்லை. மார்வெல் தன் படங்களுக்கு ரீஷூட் நாட்களை முன்கூட்டியே அட்டவணையில் ஒதுக்கி வைத்துவிடும். எடிட் செய்து பார்த்து, விட்டுப்போன இணைப்பை எடுத்து ஒட்டுவது வீட்டுக்குப் பூச்சு வேலை மாதிரி. புது இயக்குநர், புது வசனகர்த்தா, புதுத் தொனி என்று ரீஷூட் நடந்தால்தான் கவலைப்பட வேண்டும். அதற்கு அடுத்த கேள்வியே உதாரணம்.

சூப்பர்மேன் மீசையை கம்ப்யூட்டர்ல எடுத்தாங்களாமே, நெசமாவா?

நிஜம்தான். 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்'. கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் இயக்குநர் சாக் ஸ்னைடரின் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' வெளியாகி, ரொம்ப இருட்டு, ரொம்ப இறுக்கம் என்று திட்டு வாங்கியது. அடுத்த மாதமே அதே ஸ்னைடர் 'ஜஸ்டிஸ் லீக்' படப்பிடிப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. இரண்டு படத்துக்கும் பணம் போட்ட வார்னர் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கலகலப்பு வேண்டும், நகைச்சுவை வேண்டும் என்று ஆரம்பித்தார்கள்.

2017 மே மாதம், மகளை இழந்த துயரத்தில் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வீடன் என்ற இன்னொரு இயக்குநர் வந்து எழுதி, நிறையக் காட்சிகளைப் புதிதாக எடுத்தார். படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு என அப்போது செய்தி வந்தது. வெளியான படம் சரியாக 120 நிமிடம். நவம்பர் வெளியீட்டுத் தேதியைத் தள்ளவே இல்லை. சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் அதற்குள் 'மிஷன் இம்பாசிபிள்' படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அந்தப் படத்தை எடுத்த பாராமவுண்ட் மழிக்கக் கூடாது என்றுவிட்டது. மீசையோடு எடுத்து, கம்ப்யூட்டரில் துடைத்தார்கள். படத்தின் முதல் காட்சியில், குழந்தைகள் செல்போனில் பிடித்த வீடியோவில், சூப்பர்மேன் மேலுதட்டைப் பாருங்கள். பல் பிடுங்கிவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார்.

சுமார் 30 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க ஏறக்குறைய 66 கோடி வசூல். தியேட்டர்காரர் பங்கும் விளம்பரச் செலவும் போனால் நஷ்டம். இயக்குநர் பெயர் போடும் இடத்தில் மட்டும் ஸ்னைடர் ஒருவரே இருந்தார்.

2021ல ஸ்னைடர் கட் வந்துச்சே. அப்ப அவர் ஜெயிச்சார், ஸ்டுடியோ தோத்துச்சுன்னு சொல்லலாமா?

பாதி சொல்லலாம். வார்னரின் ஓடிடி தளமான எச்பிஓ மேக்ஸில் 2021 மார்ச்சில் வந்த அது, 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை ஸ்னைடர் தன் விருப்பப்படி முடித்த வடிவம், 242 நிமிடம். முடிக்க மட்டும் சுமார் 7 கோடி டாலர் கூடுதலாகச் செலவானதாகச் சொல்கிறார்கள். சைபார்க் பாத்திரத்துக்கு உயிர் வந்தது. 2017 படத்தில் ஒட்டுத்துணியாகத் தெரிந்தவை எல்லாம் ஒரு கதையாக நின்றன. அதே சமயம் அந்த நாலு மணி நேரத்தில் முக்கால் மணி நேரத்தைத் தாராளமாக வெட்டலாம் என்பது என் கட்சி. சண்டைக்கு வராதீர்கள். எந்த ஸ்டுடியோவும் நாலு மணி நேரப் படத்தைத் தியேட்டருக்கு அனுப்பாது. ஆகவே 2017இல் ஸ்னைடரே முடித்திருந்தாலும் நாம் பார்த்திருக்கப்போவது இந்தப் படம் இல்லை.

வார்னர் மனம் திருந்தி இதை வெளியிடவும் இல்லை. 2020 மே மாதம் எச்பிஓ மேக்ஸ் புதிதாகத் தொடங்கியது, சந்தா சேர்க்க ஏதாவது வேண்டியிருந்தது, ரசிகர்கள் இரண்டரை வருஷமாக இணையத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போதும் நோட்ஸ் நிற்கவில்லை. கடைசியில் கிரீன் லான்டர்ன் என்ற சூப்பர் ஹீரோ வருவதாக ஒரு காட்சியை ஸ்னைடர் தன் வீட்டு வாசலிலேயே எடுத்துவைத்திருந்தார். அந்தப் பாத்திரம் வேண்டாம் என்றது ஸ்டுடியோ. கிரீன் லான்டர்னுக்குப் பதிலாகத்தான் மார்ஷியன் மேன்ஹன்டர் என்ற இன்னொரு ஹீரோ வந்து நிற்கிறார்.

இதெல்லாம் இப்ப வந்த வியாதிதானே? பழைய சூப்பர்மேன் படமெல்லாம் நிம்மதியா எடுத்தாங்க இல்ல?

அந்த நிம்மதியைக் கேளுங்கள். ரிச்சர்ட் டோனர் முதல் சூப்பர்மேனையும் இரண்டாவதையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருந்தார். 1978 டிசம்பரில் முதல் படம் வெளியாகிப் பெரிய வெற்றி. அப்புறமும் டோனரை நீக்கினார்கள். செலவு, கால அட்டவணை என்று தயாரிப்பாளர்களான சால்கைண்ட் குடும்பத்தோடு அவருக்கு ஓயாத சண்டை. இரண்டாம் படத்தில் அவர் நிறைய எடுத்து முடித்திருந்தார். ரிச்சர்ட் லெஸ்டர் வந்தார். இயக்குநர் என்று அவர் பெயர் போட வேண்டுமானால் போதுமான அளவு அவரே எடுத்திருக்க வேண்டும், அதனால் ஏற்கெனவே எடுத்தவற்றையும் திரும்ப எடுத்தார்கள். வில்லனாக நடித்த ஜீன் ஹேக்மேன் திரும்பி வர மாட்டேன் என்றுவிட்டார். சூப்பர்மேனின் அப்பாவாக நடித்த மார்லன் பிராண்டோ வந்தால் வசூலில் பங்கு கொடுக்க வேண்டும் என்று அவரை வெட்டி, அப்பா பேச வேண்டிய வசனத்தை அம்மா பாத்திரத்துக்குக் கொடுத்தார்கள். டோனரின் வடிவம் 2006இல்தான் டிவிடியில் வந்தது. ஸ்னைடர் ரசிகர்களுக்கு நம்பிக்கை கொடுத்த முன்னுதாரணம் அதுதான். இங்கே கத்தி எடுத்தது சம்பளக்காரர்கள் இல்லை, நம் ஊர் அர்த்தத்திலான தயாரிப்பாளர்கள் என்பதையும் கவனியுங்கள்.

சிரிக்க வேண்டுமானால் 1990களில் நின்றுபோன ஒரு சூப்பர்மேன் படம் இருக்கிறது. அதற்குத் திரைக்கதை எழுதப் போன கெவின் ஸ்மித் மேடைகளில் சொல்லும் கதை: தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் மூன்று நிபந்தனை போட்டாராம். சூப்பர்மேன் அந்த உடையைப் போடக் கூடாது, பறக்கக் கூடாது, கடைசியில் ராட்சதச் சிலந்தியோடு சண்டை போட வேண்டும். அந்தப் படம் 1998இல் கைவிடப்பட்டது. 1999இல் பீட்டர்ஸ் தயாரித்த 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்' வந்தது. கிளைமாக்ஸில் ராட்சத இயந்திரச் சிலந்தி.

பொம்மை விக்கிறதுக்காகக் கதையை மாத்துவாங்கன்னு சொல்றது மிகைதானே?

மிகை இல்லை. 1992இல் டிம் பர்ட்டனின் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வந்தபோது மெக்டொனால்ட்ஸ் அதன் பொம்மைகளைக் குழந்தைகள் சாப்பாட்டோடு கொடுத்தது. படத்தில் பென்குயின் என்ற வில்லன் வாயிலிருந்து கருப்பாக ஏதோ வழிகிறது. பெற்றோர்கள் கொதித்தார்கள். அடுத்த படத்தின் இயக்குநர் நாற்காலி ஜோயல் ஷூமாக்கருக்குப் போனது. பொம்மையாக விற்கத் தோதான என்ற பொருளில் ஒரு வார்த்தையே புழங்கியதாக அவர் பிற்பாடு சொன்னார்: 'டாய்எடிக்'. 1997இல் 'பேட்மேன் அண்ட் ராபின்' வந்தது. பொம்மை விளம்பரத்தில் நடிப்பது போலிருந்தது என்று ராபினாக நடித்தவரே சொன்னார். அப்புறம் எட்டு வருஷம் பேட்மேன் படமே இல்லை.

'அயர்ன் மேன் 3' இன்னும் வெளிப்படை. முதலில் எழுதிய திரைக்கதையில் வில்லன் ஒரு பெண். பெண் பொம்மை விற்காது என்று கம்பெனி மேலிடம் சொன்னதால் ஆணாக மாற்ற வேண்டியிருந்தது என்று இயக்குநர் ஷேன் பிளாக் 2016இல் சொன்னார். நடிகை ரெபெக்கா ஹாலின் பாத்திரம் பாதியில் செத்துப்போவது ஏன் என்று யோசித்தவர்களுக்கு இதுதான் பதில்.

ஸ்பைடர்மேன் 3ல வெனம் ஏன் ஒட்டாம நிக்குது?

இயக்குநர் சாம் ரெய்மிக்கு அந்த வில்லன் பாத்திரம் பிடிக்கவே இல்லை. ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று தயாரிப்பாளர் அவி அராட் வற்புறுத்தினார். நம்பாத ஒன்றை எடுத்தால் திரையில் தெரியும், தெரிந்தது. ஆனால் 2007இல் அந்தப் படம் 89 கோடி டாலர் வசூலித்தது. இதுதான் சிக்கல்: தலையிட்டதற்குத் தண்டனையே கிடைக்கவில்லை.

நாலாவது படம் 2011 மேயில் வர வேண்டும் என்று தேதி குறித்தார்கள். அந்தத் தேதிக்குள் உருப்படியாக எடுக்க முடியாது என்று ரெய்மி சொன்னார். 2010 ஜனவரியில் சோனி அதைக் கைவிட்டது. முதல் பதிலில் சொன்ன 'எப்போது' இங்கேயும் இருக்கிறது: கதை தயாராவதற்கு முன்னால் தேதி தயாராகிவிட்டது.

சூசைடு ஸ்குவாடை டிரெய்லர் பண்ற கம்பெனி எடிட் பண்ணுச்சாமே? யாரோ கிளப்பி விட்டதுதானே?

ஹாலிவுட் பத்திரிகைகள் விவரமாகவே எழுதின. இயக்குநர் டேவிட் ஏயர் எடுத்தது இருண்ட படம். 2016 ஜனவரியில் குயீன் இசைக்குழுவின் பாட்டோடு ஒரு டிரெய்லர் வந்து ஊரெல்லாம் கொண்டாடியது. அப்புறம் மேலே சொன்ன 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' அடி. படமும் அந்த டிரெய்லர் மாதிரியே இருந்தால் என்ன என்று அதே வார்னர் ஸ்டுடியோவுக்குத் தோன்றியது. டிரெய்லரில் கை வைத்த நிறுவனத்தையே கூப்பிட்டு ஒரு வடிவம் செய்யச் சொன்னார்கள். இரண்டு வடிவத்தையும் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, கடைசியில் கலந்துகட்டி வெளியிட்டார்கள். முதல் அரை மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு வருவதன் ரகசியம் இதுதான் என்பது என் ஊகம்.

விமர்சகர்கள் கிழித்தார்கள். வசூல் 74 கோடியைத் தாண்டியது. ஒப்பனைக்கு ஆஸ்கரும் கிடைத்தது.

மார்வெல்லயும் தலையிடறாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அங்க மட்டும் எப்படி ஓடுது?

அங்கே நீண்ட காலம் தலையிட்டது ஒரே ஆள், கெவின் ஃபைகி. எல்லாப் படத்துக்கும் தயாரிப்பாளர், ஒவ்வொரு கதையும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தவர். கண்டிப்பானவர்தான், எட்கர் ரைட்டைக் கேளுங்கள். ஆனாலும் எந்த மாதிரிப் படம் என்பது படப்பிடிப்புக்கு முன்பே இயக்குநருக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கும் மேலே ஒரு தொல்லை இருந்தது. நியூயார்க்கில் மார்வெல் தலைவர் ஐக் பெர்ல்முட்டரும், 'கிரியேட்டிவ் கமிட்டி' என்று ஒரு குழுவும். பெண் சூப்பர் ஹீரோ படங்கள் ஓடாது என்பதற்கு உதாரணங்களை அடுக்கி பெர்ல்முட்டர் 2014இல் சோனிக்கு எழுதிய மின்னஞ்சல், சோனி கம்ப்யூட்டர்கள் ஹேக் ஆனபோது வெளியே வந்தது. 2015இல் ஃபைகி நேரடியாக, மார்வெலின் தாய்க் கம்பெனியான டிஸ்னியின் ஸ்டுடியோவின் கீழ் மாற்றப்பட்டார், குழுவின் பிடி போனது. 'பிளாக் பேந்தர்' 2018இலும் 'கேப்டன் மார்வெல்' 2019இலும் ஆளுக்கு 100 கோடி டாலரைத் தாண்டின.

ஸ்டுடியோ சொல்லி நல்லா வந்த படம் ஒன்னு கூடவா இல்ல?

இருக்கிறது. 'டெட்பூல்' படப்பிடிப்பு தொடங்கும் நேரத்தில் ஃபாக்ஸ் ஸ்டுடியோ பட்ஜெட்டிலிருந்து சுமார் 70 லட்சம் டாலரை உருவியது. பெரிய துப்பாக்கிச் சண்டைக்குக் காசு இல்லை. அதனால் ஹீரோ துப்பாக்கிப் பையை டாக்சியிலேயே மறந்துவிட்டு வருவதாக எழுதினார்கள். தியேட்டரில் பெரிய சிரிப்பு அதற்குத்தான். 5.8 கோடியில் எடுத்த படம் 78 கோடி வசூலித்தது. ஸ்டுடியோவின் புத்திசாலித்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன், எழுதியவர்களின் சாமர்த்தியம்.

எனக்குப் பிடித்த நோட் வேறு. 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' திரைக்கதையின் முதல் பிரதியைப் படித்த ஜாஸ் வீடன், அப்போது மார்வெலுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவர், இயக்குநர் ஜேம்ஸ் கன்னிடம் இதில் ஜேம்ஸ் கன் போதவில்லை, இன்னும் வேண்டும் என்றாராம். கன்னே சொன்னது. அதே வீடன்தான் பிற்பாடு ஸ்னைடர் படத்தில் ஸ்னைடரைத் துடைக்க அழைக்கப்பட்டார்.

எடுத்து முடிச்ச படத்தையே வெளியிடாம மூடலாமா? சட்டம் கேக்காதா?

கேட்காது, படம் ஸ்டுடியோவின் சொத்து. 'பேட்கேர்ள்' சுமார் 9 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, எடிட்டிங்கில் இருந்தது. 2022 ஆகஸ்டில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி அதை மூடியது. வெளியிடுவதைவிட நஷ்டக் கணக்கு எழுதி வரியைக் குறைத்துக்கொள்வது லாபம் என்று கணக்கு. இயக்குநர்கள் இருவரும் அப்போது மொராக்கோவில் இருந்தார்கள், ஒருவருக்குக் கல்யாணம். திரையில் ஓடவிட்டு செல்போனிலாவது பதிவு செய்துகொள்ளலாம் என்று சர்வரைத் திறந்தால் உள்ளே போக முடியவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

படம் பாக்கும்போதே இது ஸ்டுடியோ ஒட்டினதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

சில சமயம் முடியும். தலைமுடியைப் பாருங்கள். 2015 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ரீஷூட்டுக்கு வந்தபோது நடிகை கேட் மாரா வேறு படத்துக்காக முடியை வெட்டியிருந்தார். விக் வைத்த காட்சிகள் எல்லாம் பிற்பாடு எடுத்தவை, எண்ணிவிடலாம். பேசுபவர் முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரியும்போது கதையை விளக்கும் வசனம் வந்தால் அது பெரும்பாலும் எடிட்டிங்கில் சேர்த்தது. டிரெய்லரில் இருந்து படத்தில் இல்லாத காட்சிகளும் ஒரு தடயம்.

ஆனால் தெரியாமலும் போகும். 'வொண்டர் வுமன்' கிளைமாக்ஸ் ஏன் திடீரென்று வெடியும் மின்னலுமாக மாறுகிறது என்று பலர் கேட்டதுண்டு. முதலில் வைத்த முடிவு சிறியது, கடைசி நேரத்தில் ஸ்டுடியோ மாற்றச் சொன்னது என்று அதன் இயக்குநர் பாட்டி ஜென்கின்ஸ் 2020இல் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

சரி, இயக்குநர் சொல்றதை அப்படியே நம்பிடலாமா? அவங்களுக்கும் சாக்கு வேணும்ல?

நல்ல கேள்வி, கஷ்டமான கேள்வி. இப்போது சொன்ன அதே 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' வெளியாவதற்கு முந்தின நாள், ஒரு வருஷத்துக்கு முன்னால் தன்னிடம் அருமையான வடிவம் இருந்தது, அதை நீங்கள் பார்க்கவே போவதில்லை என்ற பொருளில் அதன் இயக்குநர் ஜாஷ் டிராங்க் ட்விட்டரில் எழுதினார். கொஞ்ச நேரத்தில் அழித்தார். ஸ்டுடியோ பக்கத்துச் செய்திகளோ, படப்பிடிப்பில் அவர் நடந்துகொண்ட விதமே சரியில்லை என்றன. அந்த வடிவத்தை நாம் பார்க்காதவரை யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. காணாமல் போன படம் எப்போதும் அருமையான படம்தான்.

இயக்குநர், ஸ்டுடியோ, நடிகர் மூவரும் சொல்வதில் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்வது. மீசைக் கதையில் மூவரும் ஒத்துப்போகிறார்கள்.

இப்ப டிசிக்கு ஒரு இயக்குநரே தலைவர். இனிமே தலையீடே இருக்காது இல்ல?

டிசி என்பது சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வைத்திருக்கும் வார்னரின் பிரிவு. நீங்கள் சொல்லும் இயக்குநர் ஜேம்ஸ் கன். 2018 ஜூலையில் பழைய ட்வீட்களுக்காக அவரை டிஸ்னி 'கார்டியன்ஸ்' வரிசையிலிருந்து நீக்கியது, 2019 மார்ச்சில் திரும்ப எடுத்தது. இடைவெளியில் வார்னர் அவரைப் பிடித்தது. 2022 நவம்பரில் அவரும் தயாரிப்பாளர் பீட்டர் சஃப்ரானும் டிசி ஸ்டுடியோஸ் தலைவர்கள் ஆனார்கள். இப்போது மற்ற இயக்குநர்களுக்கு நோட்ஸ் எழுதுபவர் கன். 2025 ஜூலையில் வந்த 'சூப்பர்மேன்' அவரே எழுதி இயக்கியது. அவர் தலைக்கு மேலும் ஒரு கம்பெனி இருக்கிறது, அதனால் தலையீடே இருக்காது என்று எழுதித்தர மாட்டேன்.

திரைக்கதை முடியாமல் எந்தப் படமும் படப்பிடிப்புக்குப் போகாது என்று கன் விதி வைத்திருக்கிறார். அனுமதி கிடைத்துவிட்ட ஒரு படத்தையே திரைக்கதை தேறவில்லை என்று நிறுத்தியதாகவும் சொன்னார். அது எந்தப் படம் என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள், அவர் பெயர் சொல்லவில்லை.